கம்பி வெட்டும் கணக்குக்கு ஒரு காப்புரிமை

காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போடுவது தனியாக ஒரு தொழில் கிடையாது. ஆனால் அதில் ஒரு தடவை இறங்கிவிட்டவனுக்கு வேறு தொழில் ஓடாது. எழுபதுகளில் மூன்று வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் பிளானிங் குமாஸ்தா உத்தியோகம். வீடு திருவள்ளூரில். கம்பி வெட்டுவதற்காக நான் எழுதிய ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் பேட்டண்ட் வேண்டும் என்று கிளம்பினேன். சாஃப்ட்வேர் என்ற வார்த்தையே எங்கள் பக்கம் யார் காதிலும் விழாத காலம் அது.

அந்தக் காலத்தில் இப்படிக் கிளம்பிய பைத்தியங்கள் என்னைத் தவிர வேறு யாரும் உண்டா, தெரியாது. இருந்தால் அவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. வேறு ஆபீஸ்களில் வேறு படிவங்களோடு மல்லுக்கு நின்றவர்களும் பக்கத்தில் வந்து உட்காரலாம். காத்திருக்கும் பெஞ்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கிறார்கள்.

மொண்டி அளவு

எங்கள் மில்லில் இரும்புக் கட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே விட்டு, நீளக் கம்பிகளாக இழுப்போம். கம்பி ஆறியதும் கேட்டவர்கள் கேட்ட அளவுக்கு வெட்ட வேண்டும். ஒருவர் ஐந்து மீட்டர் கேட்பார், இன்னொருவர் ஏழரை கேட்பார். வெட்டியது போக மிச்சம் விழுவதற்குத் துண்டு என்று பெயர். அதை யாரும் வாங்க மாட்டார்கள். பழைய இரும்போடு சேர வேண்டியதுதான். ஒரு வாரத்துத் துண்டைக் குவித்து வைத்தால் ஆள் உயரத்துக்கு நிற்கும். பிளானிங் பிரிவுக்கு அதைக் காட்டித்தான் திட்டு விழும்.

வெட்டு மெஷினில் கன்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். ஆரம்பாக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் ஷிஃப்டில் மட்டும் துண்டு குறைவாக விழும். ஒருநாள் பக்கத்தில் போய் நின்று, எப்படி என்று கேட்டேன். சாக்கட்டியால் தரையில் அன்றைய அளவுகளை எழுதிக் காட்டினார். "சுளுவா வர்ற அளவை யார் வேணா வெட்டுவான் சார். மொண்டி அளவு ஒண்ணு கீது பாரு, எதோடயும் சேராதது, அதுக்கு மொதல்ல ஜோடி தேடிடணும். மத்தது தானா அடங்கும்" என்றார்.

நான் பி.எஸ்ஸி. கணக்கு. சென்னையில் மாலை வகுப்பில் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்துக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் ஒரு நாள் அளவுக்குத் தரையில் செய்ததை, ஒரு வாரத்து ஆர்டர்கள் முழுவதற்கும் கம்ப்யூட்டரில் செய்துபார்த்தால் என்ன என்று தோன்றியது. நூற்றுக்கணக்கான ஜோடிகளைப் போட்டுப் பார்த்து, எந்தக் கம்பியை எங்கே வெட்டுவது என்று சீட்டு அடித்துத் தரும் புரோகிராம். எழுதித் திருத்தி ஓடவைக்க எட்டு மாசம் ஆயிற்று. முதல் வாரம் அதன்படி வெட்டிப் பார்த்துவிட்டு, சீட்டை மேனேஜரிடம் கொண்டுபோனேன். துண்டுக் குவியல் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. மேனேஜர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார், குவியலை எட்டிப் பார்த்தார், கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு சொன்னார்: "இதை நீ பண்ணேன்னு எங்கேயும் சொல்லிக்காதே. கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னு சொல்லு, அப்பத்தான் மேல இருக்கறவங்க கேப்பாங்க."

அன்று சாயங்காலம் ரயிலில் வரும்போதுதான், இதில் என் பெயர் எங்கேயாவது ஓர் இடத்தில் அச்சில் இருக்க வேண்டும் என்ற ஆசை பிடித்தது.

ஓட்டை போட்ட அட்டைகள்

எங்கள் மில்லில் கம்ப்யூட்டர் இல்லை. சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தில் வாரத்துக்கு ஒருநாள் நேரம் ஒதுக்கித் தருவார்கள். புரோகிராம் என்பது அப்போது கட்டுக் கட்டாக அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வரி, எழுத்துக்குப் பதில் ஓட்டை. இரண்டு நீளப் பெட்டிகள் நிறைய அவற்றை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போவேன். வரிசை கலைந்தால் ஒரு நாள் போச்சு. அதனால் பெட்டியை மேல்தட்டில் வைக்க மனசு வராது.

ஒருநாள் வீட்டிலிருந்து மில்லுக்குப் போக, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது ஒரு டிக்கெட் பரிசோதகர் பிடித்துக்கொண்டார். பெட்டியில் என்ன சரக்கு என்று கேட்டார். புரோகிராம் என்றேன். எந்த சபாவில் என்றார். விளக்கச் சொல்லிப் பெட்டியைத் திறக்கவைத்தார். ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓட்டைகளை விரலால் தடவினார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. என் கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் கூவிக்கொண்டு கிளம்பிப் போனது. அவருக்குத் தன் தொழிலில் தெரிந்த ஓட்டை ஒன்றே ஒன்றுதான். நிஜமான கவலையோடு கேட்டார்: "ஏற்கெனவே பஞ்ச் பண்ணின டிக்கெட்டை இத்தனை ஆயிரம் வெச்சுக்கிட்டு நீ என்னய்யா பண்ணப் போறே?"

உண்மையான முதல் ஆள்

பேட்டண்ட் ஏஜெண்டின் ஆபீஸ் பாரிமுனையில் ஒரு மாடியில் இருந்தது. பூட்டு, பம்பு, ஸ்டவ் என்று எதையாவது புதிதாகச் செய்தவர்கள் அவரிடம்தான் போவார்கள். சுவர் ஓரமாக நாலைந்து ஸ்டவ்கள் தூசி படிந்து நின்றன. என் கதையை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும், கம்ப்யூட்டர் என்ற வார்த்தையை விண்ணப்பத்தில் எங்கேயும் எழுதக் கூடாது என்றார். "உருக்குக் கம்பிகளை வெட்டும் முறையில் மேம்பாடுகள்" என்று தலைப்புக் கொடுத்தார். எட்டு மாசம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதிய புரோகிராம், அந்தப் பத்துப் பக்கத்தில் ஒளிந்துகொண்டது. நானே தேடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி. இந்தக் கண்டுபிடிப்பின் உண்மையான முதல் கண்டுபிடிப்பாளன் நானே என்று கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்தேன். மொண்டி அளவுக்கு முதலில் ஜோடி தேடணும் என்று சாக்கட்டியோடு குனிந்த கன்னியப்பன் முகம் ஞாபகம் வந்தது. "ஒருத்தர் வாயால சொன்ன ஒரு வாக்கியம் இதுக்குள்ள இருக்கு சார்" என்று இழுத்தேன். "அவர் கம்ப்யூட்டர்ல போட்டாரா?" என்றார் ஏஜெண்ட். இல்லை என்றேன். "பேட்டண்ட் கேட்டாரா?" அதுவும் இல்லை.

நான் இன்னும் பேனாவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த இடத்துல வந்து யோசிச்சவன் எவனும் பேட்டண்ட் வாங்கினதில்லை சார்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

பெட்டியும் அம்பும்

விண்ணப்பத்தோடு வரைபடம் வேண்டும் என்றார்கள் பேட்டண்ட் ஆபீஸில். ஸ்டவ் என்றால் ஸ்டவ்வை வரையலாம். நான் எதை வரைவது? புரோகிராம் எந்த வழியில் போகிறது என்று காட்டும் கட்டங்களை, எங்கள் மில் டிராஃப்ட்ஸ்மேனைக் கெஞ்சி, தடித்த வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்து வாங்கினேன். முதல் தடவை ஓரத்தில் போதுமான இடம் விடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை எண்கள் சின்னதாக இருக்கின்றன என்றார்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் லீவு. மேனேஜரிடம் உறவினர்களுக்கெல்லாம் வயிற்று வலி வரவைத்தேன்.

மூன்றாம் தடவை கவுண்டரில் இருந்தவர் வயதானவர், நிதானமானவர். கோபமே வராது. அதுதான் இன்னும் மோசம். தாளை நேராக வைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். முதல் கட்டத்தில் விரலை வைத்து, அம்புக்குறி வழியாகவே நடந்து, சுற்றிக்கொண்டு மறுபடி முதல் கட்டத்துக்கே வந்து சேர்ந்தார். புரோகிராம் செய்வதும் அதையேதான், விடை கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றி வரும். ஒரு கணம் இவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். விரலை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இதுல எது சார் கண்டுபிடிப்பு, பெட்டியா, அம்புக்குறியா?"

அமாவாசைத் தபால்

ஒன்றரை வருஷம் கழித்து ஆட்சேபணைக் கடிதம் வந்தது. அன்றைக்கு அமாவாசை. திருவள்ளூரில் அமாவாசை என்றால், தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையவே கோயில் குளத்தில் முழுக வந்த கூட்டத்தில் நீந்தித்தான் வர வேண்டும். வியர்த்து விறுவிறுத்து வந்து நீளக் கவரைக் கொடுத்தார். பிரித்தேன். நீங்கள் சொல்வது ஒரு பொருளும் அல்ல, பொருளைச் செய்யும் முறையும் அல்ல, மனத்தால் போடும் ஒரு திட்டம் மட்டுமே என்று எழுதியிருந்தது. பதில் தர விரும்பினால் தரலாம். நாலைந்து தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் நியாயமாகப் பட்டது.

அப்பா கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தவர். காலை சேவை முடிந்து தளிகை சாப்பிட வீட்டுக்கு வந்தார். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு, என்ன காகிதம் என்றார். இத்தனை நாள் அவரிடம் சரியாகச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். இது கிடைத்தால் பதினாலு வருஷத்துக்கு என் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் இந்த மாதிரி கம்பி வெட்டக் கூடாது என்றேன்.

"இப்போ யாராவது வெட்டறாளா?" என்றார்.

"இல்லைப்பா. எங்க மில்லுல மட்டும்தான்."

"மத்தவாளுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

அப்பா இலை முன்னால் உட்கார்ந்து, சுற்றித் தண்ணீர் விட்டுவிட்டு, சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார். கேலி இல்லை. பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்ற பயம்தான் குரலில் இருந்தது. "யாருமே பண்ணாததை யாரும் பண்ணப்படாதுன்னு தடுக்கறதுக்காடா இத்தனை நாளா அலையறே?" என்றார்.

சீட்டு வெட்டுகிறது

இதற்கிடையில் மில்லில் என் சீட்டு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. எந்தக் கம்பியை எங்கே வெட்ட வேண்டும் என்று சீட்டே சொல்லும்போது, அனுபவமுள்ள ஆள் எதற்கு என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. வெட்டு மெஷினில் புது ஆட்களைப் போட்டார்கள். கன்னியப்பனைப் பழைய இரும்பு அடுக்கும் யார்டுக்கு மாற்றினார்கள். நிழலே இல்லாத இடம். சித்திரையில் இரும்பில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு அது தெரியவந்தது பத்து நாள் கழித்துத்தான். மேனேஜரிடம் போய்ப் பேசினேன். ஆர்டர் மேலிருந்து வந்தது என்றார். கம்ப்யூட்டர் சொன்னதா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. மத்தியானம் யார்டுக்குப் போனேன். கன்னியப்பன் ஒரு தகரத்தைத் தலைக்கு மேல் சாய்த்து வைத்து, அதன் நிழலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்காரச் சொல்லி ஒரு கட்டையை நகர்த்திப் போட்டார். அந்த வாரத்துச் சீட்டு ஒன்றைப் புது ஆளிடம் வாங்கிப் பார்த்தாராம்.

பேட்டண்ட் விஷயத்தை அன்றே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். வாய் வரவில்லை. அவர் கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உன் சீட்டு நல்லாத்தான் கீது சார். அப்டியே நான் வெட்ற மாதிரியே வெட்டுது."

விசாரணை

ஆட்சேபணைக்கு ஏஜெண்ட் பதில் எழுதினார். அதற்கு ஒரு பதில் வந்தது. அதற்கும் பதில் போனது. கடைசியில் நேரில் விசாரணை என்று கூப்பிட்டார்கள். சின்ன அறை. அதிகாரி என் வயதுக்காரர், சாந்தமாகப் பேசினார். விண்ணப்பத்தை நிஜமாகவே படித்திருந்தார். கட்டங்களும் அம்புக்குறிகளும் அவருக்குப் புரிந்திருந்தன. இரண்டரை வருஷத்தில் அதைப் புரிந்துகொண்ட முதல் மனிதர் அவர்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது.

"கம்பி அதே கம்பி, கத்தி அதே கத்தி. எதை எந்த வரிசையில் வெட்டுவது என்பதுதான் புதிது, இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இந்த வரிசையை ஒரு மனிதன், மெஷின் உதவி இல்லாமல், தன் மூளையால் போட முடியுமா?" மேஜைக்கு அடியில் ஏஜெண்டின் செருப்பு என் காலை மிதித்தது. முடியாது என்று சொல்ல வேண்டும், முன்னாலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு வாரத்து ஆர்டர் அத்தனையையும் மனிதன் போட முடியாது என்பது பொய்யும் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஒருத்தர் இருக்கார் சார்" என்று சொன்னேன்.

எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. சாக்கட்டி, மொண்டி அளவு, ஜோடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தரையில் ஒரு நாளைக்குச் செய்ததை நான் ஒரு வாரத்துக்கு நீட்டினேன், அவ்வளவுதான் என்றேன். இப்போது அவர் வெயிலில் இரும்பு அடுக்குகிறார் என்பதையும், யாரும் கேட்காமலே சொன்னேன். அதிகாரி பேர் கேட்டார், எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எத்தனை வருஷமாக இப்படி வெட்டுகிறார் என்று கேட்டார். ஆறேழு வருஷம் என்றேன். பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஏஜெண்ட் தன் ஃபைலின் நாடாவைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் ஏஜெண்ட் குடையை விரித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. என்னோடு நடந்து போவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. "ஏன் சார், நீங்க விண்ணப்பதாரரா, எதிர்க்கட்சிச் சாட்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆணை

நிராகரிப்பு ஆணை மூன்று பக்கம். இது மனத்தால் போடும் திட்டம் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம், விண்ணப்பம் போடுவதற்கு வெகு முன்பே இதே முறையை இதே ஆலையில் கன்னியப்பன் என்ற தொழிலாளி கையாண்டு வந்திருக்கிறார் என்பது. விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டுவிட்டார், ஆகவே இது புதிது அல்ல. என்னை ஆணை முழுக்க விண்ணப்பதாரர் என்றே குறிப்பிட்டிருந்தார்கள்.

இனி ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். கன்னியப்பனை உட்காரவைத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் முதல் ஆள் என்று கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. இரும்பு இழுக்கும் கொக்கியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கே என் பேரையும் சேத்து எழுதிகினு இருந்தா ரெண்டு பேருக்கும் கெடச்சிருக்குமா சார்?"

"கிடைச்சிருக்காது. யோசனைக்கெல்லாம் தர மாட்டாங்களாம்."

"மெய்யாலுமா?"

"சத்தியமா."

"எழுதியிருக்கணும் சார் நீ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. யார்டிலிருந்து அவரைத் திரும்ப மெஷினுக்குக் கொண்டுவர நான் எழுதிய மூன்று மனுவும் குப்பைக்குத்தான் போயின என்பது அவருக்கும் தெரியும்.

பிறகு காகிதத்தில் தன் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இங்கிலீஷ் படிக்க வராது. விரலை வைத்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் நாலு இடத்தில் இருந்தது. நாலையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். கொக்கியைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை என்னிடமிருந்து வாங்கினார். மடிப்புக் கலையாமல் நாலாக மடித்தார்.

"கம்பெனி குடுத்த காயிதத்துல எல்லாம் டோக்கன் நம்பர்தான் சார் கீது. இதுலதான் பேரு போட்டுகிறான். நீ வெச்சிகினு இன்னா பண்ணப் போறே, என்கிட்டயே குடுத்துடு" என்றார்.

மூன்று வருஷம் அலைந்து, ஒரு கண்டுபிடிப்பாளரின் பெயரை அரசாங்கமே தன் கையால் எழுதும்படி செய்துவிட்டேன். அது என் பெயராக இல்லாமல் போனது ஒன்றுதான் குறை.